சுவரில் ஆணி மட்டும்

அத்தியாயம் நான்கு

நாளைக் காலை வீட்டை விற்றுக் கையெழுத்துப் போடப் போகிற ஒருவர் இன்று துப்பறிவாளரைத் தேடி வந்தால், ஒன்று அவருக்கு மூளை தாமதமாக வேலை செய்கிறது, அல்லது மனசு. நர்ஸம்மாவுக்கு எது என்று எனக்கு முதலில் பிடிபடவில்லை.

எங்கள் ஆபீஸ் ஒரு தையல் கடைக்கு மேலே இருக்கிறது. கீழே மெஷின் ஓடினால் மேலே டீ கிளாஸ் மேஜையில் ஊர்ந்து போகும். துப்பறிவாளர் என் அம்மாவின் தம்பி. எனக்கு மாமா, ஊருக்குப் பூதக்கண்ணாடி. அவரிடம் பூதக்கண்ணாடி கிடையாது. சாதாரண மூக்குக்கண்ணாடியே கிடையாது. கண் மங்கிவிட்டதை ஒத்துக்கொள்ள மனமில்லாமல் எதையும் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துத்தான் படிப்பார். கை போதாதபோது நான் எழுந்து எதிர்ச்சுவர் ஓரமாகப் போய்ப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். உதவியாளர் என்று போர்டில் எழுதியிருப்பதற்கு அதுதான் அர்த்தம்.

நர்ஸம்மா பஸ்ஸில் உட்காருவது போல, மடியில் இருந்த பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை. கணவர் போய்ச் சேர்ந்த பிறகு தெருக்கோடி வீட்டில் தனியாக இருக்கிறார். அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு அவர் ஊசி போட்டிருக்கிறார். அதற்காக யாரும் அவரைப் பழிவாங்கியதில்லை, போன வருஷம் வரைக்கும்.

போன வருஷம் நடந்தது இதுதான். அந்தப் பக்கத்தில் வீடு வாங்கி விற்கிற புரோக்கர் ஒருவர் இருக்கிறார். சாவி அண்ணன் என்றால் எல்லோருக்கும் தெரியும். அவர் போனில் 'நம்ம தெரு, நம்ம குடும்பம்' என்று ஒரு குரூப் ஆரம்பித்துத் தெருவையே அதில் சேர்த்துவிட்டார். காணாமல் போன பூனை, பழுதான தெருவிளக்கு, மாடித் தோட்டம், யாருக்காவது ரத்தம் தேவை என்று நல்ல விஷயமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு 'தெருக்கண்' என்ற பெயரில், யாருடையது என்றே தெரியாத ஒரு மொட்டைக் கணக்கு வந்து சேர்ந்தது. அது எதையும் சொல்லாது. கேட்கும். கோடி வீட்டிலிருந்து வருகிற நாற்றம் என்ன? அந்தம்மா ஜன்னலில் நின்று குழந்தைகளையே பார்க்கிறாரே, ஏன்? கேள்விக்குக் கீழே தெரு முழுக்க வந்து பதில் எழுதியது. கடைசியில் நர்ஸம்மா வீட்டின் உள்ளே எடுத்த படங்களே வந்துவிட்டன. அறை நிறைய மூட்டைகள். 'இங்கே ஒரு மனுஷி வாழ்கிறாரா?' என்று தெருக்கண் கேட்டது.

அதற்குப் பிறகு குழந்தைகள் அந்த வீட்டைத் தாண்டும்போது எதிர்ப்பக்கம் போகப் பழக்கப்படுத்தப்பட்டார்கள். கேட்டில் யாரோ குப்பைப் பையை மாட்டிவிட்டுப் போகிறார்கள். நர்ஸம்மா அதைத் தினமும் எடுத்துப் போட்டுவிட்டு, கேட்டைக் கழுவுகிறார். இதை எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் சொன்னார். எனக்குத்தான் யாரையாவது அறைய வேண்டும் போல் இருந்தது.

"தெருவே என்னை வேண்டாம்னு நெனைச்சா, நாளைக்குக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடறேன். யாரோ ஒருத்தர் கிளப்பிவிட்டதுன்னா நான் இருப்பேன். அது என் வீட்டுக்காரர் கட்டின வீடு. எதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

வீட்டுக்குள் யார் யார் வருவார்கள் என்று மாமா கேட்டார்.

இப்போது யாரும் வருவதில்லையாம். பாப்பா மட்டும் வருமாம். பாப்பா என்பது சாவி அண்ணன் ஆபீசில் வேலை பார்க்கிற பெண். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பழம் வாங்கிக்கொண்டு வந்து, சாயங்காலம் வரை உட்கார்ந்து பேசிவிட்டுப் போகுமாம். வாய் நிறைய அம்மா என்றுதான் கூப்பிடுமாம். பாப்பாவைப் பற்றிப் பேசும்போது மட்டும் நர்ஸம்மாவின் கை பையை விட்டது.

"எனக்கு மறதி வேற வந்துடுச்சு. அவர் படத்தைச் சுவத்துலேர்ந்து கழட்டி அலமாரியில வச்சிருக்கேன். எப்ப வச்சேன்னே தெரியல. பாப்பாதான், வயசானா அப்படித்தாம்மான்னு தேத்திச்சு."

மாமா அந்தப் படங்களைக் காட்டச் சொன்னார். நான் போனை வாங்கிக்கொண்டு எதிர்ச்சுவருக்குப் போனேன். போகிற வழியில் நானும் பார்த்தேன். இங்கே என் சொந்தக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது. பெண் கிடைத்தாள், வீடு கிடைக்கவில்லை. வீடு பார்த்த பிறகுதான் தேதி என்று வருங்கால மாமனார் சொல்லிவிட்டார். அதனால் சில மாதமாக நான் சாப்பிடும்போதும் தூங்கப் போகும்போதும் போனில் வீட்டுப் படங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பழக்கதோஷத்தில் வாய் முந்திக்கொண்டது.

"மாமா, இந்த மூட்டைங்களை மட்டும் தள்ளிட்டா இது நல்ல வீடு. வாடகைக்கு விடுவாங்களான்னு கேளுங்களேன்."

நர்ஸம்மா என்னைப் பார்த்தார். பழைய தொழிலில் கையில் ஊசியோடு அப்படித்தான் பார்த்திருப்பார். மாமா என்னைத் திட்டவில்லை.

"நல்ல வீடுன்னு எப்படிச் சொன்னே?"

"பாத்தாலே தெரியுதே. பெருசா இருக்கு, வெளிச்சமா இருக்கு."

"ஒருத்தரை அசிங்கப்படுத்த எடுத்த படம் மாப்ளே. அதுல வீடு எதுக்குப் பெருசாவும் வெளிச்சமாவும் இருக்கணும்?"

நான் மறுபடி பார்த்தேன். பட்டப்பகல். ஆனாலும் எல்லா விளக்கும் எரிகிறது. திரைச்சீலைகளை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். அறையின் மூலையில் நின்று, இடுப்பு உயரத்தில் போனை வைத்து எடுத்திருக்கிறார்கள். சமையலறையில் கரித்துணியும் குப்பைக்கூடையும் கண்ணில் படவில்லை. குப்பைக்காரி என்று காட்ட வந்தவர்கள் குப்பைக்கூடையை ஒளித்துவைத்திருக்கிறார்கள். பாத்ரூம் படத்தில் டாய்லெட் மூடி ஒழுங்காக மூடியிருந்தது.

"ஆத்திரத்துல படம் எடுக்கறவன் கக்கூஸ் மூடியை மூடிட்டா எடுப்பான்? மூடிட்டு எடுக்கறது யாரு?" என்றார் மாமா.

என் போனில் சேமித்து வைத்திருந்த வீடுகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஒரு வீட்டில்கூட மூடி திறந்திருக்கவில்லை. அங்கெல்லாம் வயிற்றுக் கோளாறே இல்லாத குடும்பங்கள் வாழ்கின்றன போலும்.

"வீட்டு புரோக்கர்" என்றேன்.

அந்த மூட்டைகள் எப்படி நடு அறைக்கு வந்தன என்று மாமா கேட்டார். பழைய துணிகளை யாருக்காவது கொடுக்கலாம் என்று ஒருநாள் எல்லாவற்றையும் எடுத்துக் கட்டிப்போட்டதாக நர்ஸம்மா சொன்னார். அது யாருடைய யோசனை என்று மாமா கேட்பதற்குள் கீழே மெஷின் ஓட ஆரம்பித்து, டீ கிளாஸ் மேஜை விளிம்பைத் தொட்டது. அதைப் பிடிக்கப் போனதில் கேள்வி விட்டுப்போயிற்று. நேராக சாவி அண்ணனிடம் போவோம் என்றார் மாமா. அந்தப் படங்களை என் போனுக்கு மாற்றிக்கொண்டு நர்ஸம்மாவை வீட்டுக்கு அனுப்பினோம். ஆள் கிடைத்துவிட்டான் என்று படியிறங்கும்போதே நான் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டேன்.

சாவி அண்ணனின் ஆபீசில் ஒரு சுவர் முழுக்கச் சாவிகள் தொங்கின. ஆள் குண்டு, சிரித்த முகம். வீடு தேடி வந்த மாமாவும் மருமகனும் என்று சொன்னதும் எழுந்து நின்று நாற்காலியைத் துடைத்தார். எங்கள் பட்ஜெட்டைக் கேட்கவில்லை. என் போன் நம்பரைத்தான் கேட்டார். கேட்ட கையோடு என்னைக் குரூப்பில் சேர்த்துவிட்டார். 'நம் தெருவுக்கு வரப்போகும் தம்பிக்கு வணக்கம்' என்று போட்டார். நான் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள், முன்பின் தெரியாதவர்கள் எனக்கு இதயம் இதயமாக அனுப்பியிருந்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நன்றாகத்தான் இருந்தது.

"வீட்டை விக்கப் பாக்கறவன் ரெண்டு மாசத்துல கடையை மூடிடுவான் தம்பி. தெருவை விக்கணும். பத்து தடவை போட்டா, ஒன்பது தடவை வீட்டைப் பத்திப் பேசவே கூடாது. அந்தப் பூனை கிடைச்சுதா, இந்தக் குழந்தை பாஸாச்சான்னு கேக்கணும். ஜனங்க நம்மளைக் குடும்பத்துல ஒருத்தன்னு நெனைச்சுட்டாங்கன்னா, வீடு விக்கணும்னு தோணுறப்ப வேற எவன்கிட்ட போவாங்க?"

குரூப்பில் தெருக்காரர்கள் மட்டும்தானாம். வீடு இருக்கிறவர்கள், அல்லது வரப்போகிறவர்கள். வீட்டைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களை அன்றைக்கே எடுத்துவிடுவார்களாம். இல்லாவிட்டால் குடும்பம் சந்தையாகிவிடும் என்றார். கோடி வீட்டைப் பற்றி மாமா மெல்லக் கேட்டதும் அவர் முகம் வாடியது. நல்ல மனுஷி, நாளைக்குப் போகிறார், தெருவுக்கு அவரைப் பிடிக்கவில்லை, நான் என்ன செய்ய முடியும் என்று கையை விரித்தார். உண்மையாகவே வருத்தப்படுகிறவர் போலத்தான் இருந்தது. நடிப்பு பிரமாதம் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா அவர் எடுத்த வீட்டுப் படங்களைக் கேட்டார். அண்ணன் பெருமையாகத் தன் போனை நீட்டினார். முதல் படத்தில் பாதி சமையலறை, பாதி கட்டைவிரல். அடுத்ததில் ஹால் சரிந்து கிடந்தது, மூலையில் கட்டைவிரல். அதற்கடுத்த பாத்ரூமில் மூடி திறந்தே இருந்தது. நான் மடித்திருந்த சட்டைக்கையை இறக்கிவிட்டேன்.

"அண்ணன் எடுத்தா அவர் கட்டைவிரலைத்தான் வாடகைக்குக் கேட்டு வருவாங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் சிரித்தது.

மூலை மேஜையில் ஒரு பெண். இருபத்தைந்து வயது இருக்கும். தலை நன்றாகப் படிய வாரியிருந்தது. படமெல்லாம் பாப்பாதான் எடுக்கிறது, குரூப்பையும் பாப்பாதான் பார்த்துக்கொள்கிறது, இங்கே நான் வெறும் முகம் என்றார் அண்ணன். அவர் கேலியாகத்தான் அதைச் சொன்னார்.

மாமா அவளிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்தவர் போலக் கேட்டார். அவளும் ஆசையாகச் சொன்னாள். விளக்கெல்லாம் போடணும். மூலையில் நிக்கணும். குப்பைக்கூடை, கரித்துணி, டாய்லெட் மூடி எதுவும் உறுத்தக் கூடாது.

"அப்புறம் முக்கியமா, சுவத்துல இருக்கற குடும்பப் படத்தைக் கழட்டிடணும் சார். செத்தவங்க படம் தொங்கினா அது அடுத்தவங்க வீடு. ஆணி மட்டும் இருந்தா, வர்றவங்க தங்களோட படத்தை மனசுக்குள்ளயே மாட்டிப் பாத்துக்குவாங்க."

மாமா எழுந்துகொண்டார். வாசலுக்கு வந்ததும் என்னைத் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நிற்கச் சொன்னார். ஹால் படத்தைப் பெரிதாக்கித் தூக்கிப் பிடித்தேன். நடுவில் ஒரு ஸ்கூட்டர் போனது, ஒரு தண்ணீர் லாரி போனது. அவர் பார்த்துக்கொண்டே நின்றார். மூட்டைகளுக்கு மேலே வெள்ளைச் சுவர். சுவரில் ஒரு ஆணி.

"ஒரே தடவை எடுத்திருக்கா மாப்ளே. விக்கறதுக்கும் அதே படம், விரட்டறதுக்கும் அதே படம்" என்றார்.

நாங்கள் கோடி வீட்டுக்குப் போனபோது கேட்டில் அன்றைய குப்பைப் பை தொங்கியது. நான் எடுத்துப் போட்டேன். உள்ளே ஒரு தூசி இல்லை. பெட்டிகளைக் கட்டி வைத்திருந்தார். ஆணியில் கணவரின் படம் திரும்ப ஏறியிருந்தது. நாளை கழற்ற வேண்டிய படத்தை இன்று எதற்கு மாட்டினார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மாமா சுற்றி வளைக்கவில்லை. விளக்கு, மூடி, மூலை, ஆணி என்று வரிசையாகச் சொன்னார். பெயரைச் சொல்வதற்கு முன்பே வாசலில் செருப்பு சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை. பாப்பா பழப் பையோடு வந்து நின்றாள். எங்களைப் பார்த்தாள், சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் ஓடவில்லை. பழங்களை எடுத்து ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்தாள்.

"நான் எங்கயாவது பொய் எழுதினேனா சார்? கேள்விதான் கேட்டேன். பதில் எழுதினது அவங்க."

அந்த நிதானத்தைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதற்காக என்று கேட்டேன். வீட்டுக்காகவா?

"வீடு அப்புறம்" என்றாள் அவள். "இந்தத் தெருவுல யாரும் யாரோடயும் பேசினதில்ல. பூனை போட்டோம், பூ போட்டோம், நாலு பேர் பாத்துட்டுப் போவாங்க. ஒருநாள் இவங்க வீட்டு நாத்தத்தைப் பத்தி ஒரு கேள்வி கேட்டேன். அது எதிர் வீட்டு எலி செத்த நாத்தம், எனக்கே தெரியும். ஆனா தெரு மொத்தமும் பேச ஆரம்பிச்சிடுச்சு. இப்ப ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போறாங்க, பிள்ளைங்க சேர்ந்து விளையாடுதுங்க, வீடு கேட்டு ஆள் வருது. எல்லாரும் ஒண்ணா இருக்கணும்னா வெளிய நிக்க ஒருத்தர் வேணும். இவங்களுக்குக் கேக்க ஆள் இல்ல."

சாவி அண்ணனுக்குத் தெரியுமா என்று மாமா கேட்டார். தெரியாதாம். தெரிந்தால் அழுவாராம். அழுது முடித்துவிட்டு, வீடு முடிந்ததா என்று கேட்பாராம்.

நான் போனை எடுத்தேன். நான்தான் குரூப்பில் இருக்கிறேனே. தெருக்கண் யார், நாற்றம் எங்கிருந்து வந்தது, படத்தை எடுத்தது யார் என்று எல்லாவற்றையும் தட்டிப் போட்டேன். இதயம் அனுப்பிய அதே ஜனங்கள்தானே, கொஞ்சமாவது வெட்கப்படுவார்கள் என்று நம்பினேன். 'யாருப்பா இவன்?' என்று முதல் பதில் வந்தது. 'அந்தம்மா செட்டப் பண்ணின ஆள்' என்று அடுத்தது. 'நல்லவேளை நாளைக்குக் கிளம்புது' என்று ஒருவர் எழுத, அதற்கு மூன்று பேர் சிரித்தார்கள். பாப்பா தன் போனில் ஒரு விரலை வைத்தாள். நான் எழுதியது மறைந்தது, குரூப்பும் மறைந்தது. குடும்பத்தில் நான் ஒரு மத்தியானம் முழுசாகக்கூட இருக்கவில்லை.

மாமா நர்ஸம்மாவிடம் திரும்பினார். கிளப்பிவிட்டது ஒரே ஆள்தான், நீங்க கேட்டதுக்கு இதுதான் பதில், நாளைக்கு நீங்க கையெழுத்துப் போட வேண்டியதில்லை என்றார். இந்தத் தொழிலில் அவர் அவ்வளவு மென்மையாகப் பேசி நான் கேட்டதில்லை.

நர்ஸம்மா பழத்தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற யாராவதுன்னு சொல்லுவீங்கன்னு நெனைச்சு வந்தேன்" என்றார். "அந்தப் படத்தை மாட்டினதுலேர்ந்து ஒரு நாளும் நான் அதைக் கழட்டினதில்ல. எனக்கு மறதியும் இல்ல. இந்த வீட்டுக்கு வர்றது இவ ஒருத்திதான். எனக்கென்ன, கணக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏம்மா?" என்றேன் நான்.

"நான் இங்கயே இருந்தா இவ வர்றதை நிறுத்திடுவா. கையெழுத்துப் போட்டா, புது வீட்டுக்கு வர்றேன்னு சொல்லியிருக்கா." பாப்பாவைப் பார்த்தார். "சொன்னேல்ல?"

"சொன்னேம்மா" என்றாள் பாப்பா.

இதற்கு மேல் துப்பறிய எதுவும் இல்லை. மாமா செருப்பை மாட்டிக்கொண்டார். ஒரு காலில் என் செருப்பைப் போட்டுக்கொண்டு கேட் வரை போய்விட்டார், நான்தான் பின்னாலேயே போய் மாற்றிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை பதிவு ஆபீசுக்கு நாங்கள் போயிருக்க வேண்டியதில்லை. மாமா போனார், அதனால் நானும் போனேன். நீளமான மர பெஞ்சு. மின்விசிறி சத்தம். வீட்டை வாங்குகிற கட்டடக்காரரின் ஆள் ஒருவர் பேனாவைத் திறந்தே வைத்துக்கொண்டு நின்றார். சாவி அண்ணன் ஓடி ஓடி எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தார். நர்ஸம்மா நல்ல புடவை கட்டி வந்திருந்தார். கணவரின் படத்தை ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார். அதன் ஒரு மூலை துண்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பாப்பா அவரை ஒட்டி உட்கார்ந்து, ஒரு கையால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். நர்ஸம்மா எழுத்து எழுத்தாக நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். விரலை மையில் வைத்து எடுத்தார். கட்டடக்காரரின் ஆள் பேனாவை மூடினார். சாவி அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாவிக்காகக் கையை நீட்டினார். நர்ஸம்மா கொடுத்தார்.

திரும்ப பெஞ்சுக்கு வந்து உட்காரும்போது அவர் பையில் போன் சத்தம் போட்டது. மை விரலை விலக்கிப் பிடித்துக்கொண்டு எடுத்தார். எழுத்து சின்னதாக இருந்ததால் என்னிடம் நீட்டினார். எத்தனையோ பேருக்கு எத்தனையோ படித்துக் காட்டியிருக்கிறேன். இதை மட்டும் படிக்க எனக்குப் பிடிக்கவில்லை. 'நம்ம தெரு, நம்ம குடும்பம்' குரூப்பிலிருந்து அவரை நீக்கியாகிவிட்டது என்று இருந்தது.

நீக்கியவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். போன் இன்னும் அவள் கையில் இருந்தது. மற்றக் கையை எப்போது தோளிலிருந்து எடுத்தாள் என்று நான் கவனிக்கவில்லை.

நர்ஸம்மா கையை நீட்டினார். போனை வாங்கிப் பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"ஞாயித்துக்கிழமை வருவேல்ல பாப்பா?"

பாப்பா எழுந்து புடவையைச் சரி செய்துகொண்டாள். அவள் பார்வை ஏற்கனவே வாசலில் இருந்தது.

"பாக்கலாம் மேடம்" என்றாள்.